பலகையில் நான்காவது சொல்

உட்காரத் தெரிந்தவன் பாதி ஓட்டியவன், மீதிப் பாதிக்கு என்னவோ ஒன்று சொல்வார் சித்தப்பா, அதுதான் வரமாட்டேன் என்கிறது. கரூர் டிப்போவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். கல்யாணப் பந்தியில் இலை விழுந்ததும் ஆரம்பிப்பார், "உக்காரத் தெரிஞ்சவன் பாதி ஓட்டுனவன்டா நம்பி, மீதிய..." மீதியை ரோடு பார்த்துக்கொள்ளும் என்றா, மீதியைக் கூட வருகிறவன் கெடுப்பான் என்றா, சரியாக அந்த இடத்தில் சாம்பார் வாளி வந்துவிடும். ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்திய பந்தய வண்டியின் மேல் அறிவுடைநம்பி உட்கார்ந்திருந்தான். நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடம் ஜெர்மனியில், மனுசன் மோட்டார் சைக்கிளில் எப்படி உட்கார வேண்டும் என்பதை மட்டுமே வேலையாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது கோயம்புத்தூருக்கு வெளியே பந்தயத் தடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், மதியம் ஒன்று பத்துக்கு, காலையில் அணியின் ஓட்டுநர் ரங்கநாயகி விழுந்த வண்டியில், அவள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்க ஃபுட்ரெஸ்ட் தேய்ந்து கூராகியிருந்தது, அதில் இன்னும் புல் சிக்கியிருந்தது. டேங்கின் மேல் அட்டையில் செருகிய படிவம். ஆங்கிலத்தில் மூன்று கட்டங்கள். வண்டியின் கோளாறு, தடத்தின் கோளாறு, ஓட்டுநர் தவறு. மூன்றாவதில் பயிற்சியாளர் டீட்மார் ஏற்கெனவே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் ரங்காவுக்கு அது இரண்டாவது டிக். இரண்டு விழுந்தால் அணியில் இடமில்லை, மேலாளர் போட்ட சட்டம். சாட்சி என்ற கோட்டுக்கு மேல் நம்பியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குக் கீழே பொறுப்பானவர் என்று இன்னொரு கோடு, அதை யாரும் நிரப்புவதில்லை. இரண்டு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள்.

மூன்றே கட்டமாம். ஒரு மனுசி நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் தரையில் வழுக்கிக்கொண்டு போனதற்கு உலகத்தில் மூன்றே காரணம்தானாம். எந்த மேதை அச்சடித்தான் இதை? வலது தொடையை வெளியே எடுத்து, பாதி இடுப்பை சீட்டிலிருந்து இறக்கி, அவள் செய்கிற மாதிரியே செய்து பார்த்தான். அவனுக்கு வந்தது. ஐந்தடி எட்டங்குலக்காரனுக்கு வரத்தான் செய்யும், இந்த டேங்கை வெட்டியதே அப்படி ஒருவனை அளந்துதான். வலது வளைவில் உடம்பு வலப்பக்கம் இறங்கினால் இடது தொடை டேங்கின் குழிவில் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், அந்த ஒரு பூட்டில்தான் மொத்த உடம்பும் நிற்கும், கைகள் சும்மா இருக்கும், தோசைத் திருப்பியைப் பிடிக்கிற பிடிதான் ஹேண்டில்பாருக்கு. ரங்கா ஐந்தடி ஒரு அங்குலம். அவள் தொடை அந்தக் குழிவுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பூட்ட இடமில்லாதவள் எதைப் பிடிப்பாள்? கையால்தான் பிடிப்பாள். கையால் பிடித்தால் ஹேண்டில்பார் இழுபடும், முன்சக்கரம் பதறும். டேங்கின் பக்கத்தில் ரப்பர்த் திண்டு ஒட்டுங்கள், ஃபுட்ரெஸ்ட்டை இரண்டு அங்குலம் மேலே தூக்குங்கள் என்று படம் போட்டு எழுதிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. "அடுத்த மாசம் சார்" என்றார் மேலாளர். அதே மேலாளர் வண்டியின் நிறத்தை மட்டும் இரண்டு தடவை மாற்றினார். அப்படியானால் முதல் கட்டம், வண்டியின் கோளாறு, அங்கே டிக் அடிக்கலாமே. ஆமாம், அடிக்கலாம். அடித்துவிட்டு நிம்மதியாக எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். பேனாவைக்கூட எடுத்தான். எடுத்த கை எடுத்தபடியே நின்றது. திண்டு இல்லாமலேதான் அவள் ஐந்து வாரமாக அந்த வளைவில் விழாமல் போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்குக் காலையில் புதிதாக அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது வண்டியில் இல்லை. தடத்தில் எங்கேயோ ஒரு மயில் அகவியது. சாப்பாட்டு வேளையில் வண்டிச் சத்தம் நின்றதும் அவை தாரின் மேல் இறங்கிவிடும், அவற்றுக்கு யாரும் கட்டம் போடுவதில்லை.

சுவரில் பலகை. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் வண்டியில் இந்தப் பக்கம் பார்த்து ஏறினான், ஆனால் வலது வளைவுக்கு உடம்பை இறக்கினால் தலை வலப்பக்கம்தான் திரும்பும், திரும்பினால் பலகை. அவன் கையெழுத்து. பார். விடு. பூட்டு. சாய். அமுக்கு. எழு. ஆறு சொற்கள். வளைவின் உள்ளே போகிறவளுக்கு ஹெல்மெட் காதில் சொல்ல வேண்டிய ஆறு சொற்கள். டீட்மாருக்குப் பதற்றம் வந்தால் ஆங்கிலம் போய் ஜெர்மன் வந்துவிடும், அதற்காக நம்பி பக்கத்தில் நின்று ரேடியோவில் சொல்ல வேண்டும், ஏற்பாடு அவ்வளவுதான். எதற்கு சார் தமிழ், ஹேங் ஆஃப் என்றால் எங்களுக்கே தெரியுமே என்று அணியின் மற்ற பையன்கள் சிரித்தார்கள். இவன்தான் பிரசங்கம் பண்ணினான். ஆபத்தில் காது தாய்மொழியைத்தான் கேட்கும், மற்ற மொழி மூளைக்குப் போய்த்தான் உடம்புக்கு வரும், தாய்மொழி நேரே தசைக்குப் போகும், இத்தனை வருடம் வேறொரு மொழியில் வாழ்ந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த கர்வம், பிற்பாடு ஜெர்மனில் படித்த கர்வம், இரண்டும் ஒரே வாயில். மேலாளருக்கு அது பிடித்துப்போனது, பலகையைப் போட்டோ எடுத்து எங்கேயோ போட்டார். ஜெர்மன்காரனிடம் இதற்கு மூன்று சொல் இருக்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து படுப்பது ஒன்று, ஆள் நிமிர்ந்திருக்க வண்டியை மட்டும் கீழே அமுக்குவது ஒன்று, வண்டி நிமிர்ந்திருக்க ஆள் மட்டும் வெளியே தொங்குவது ஒன்று. நம்மிடம் இல்லையா? படு, அமுக்கு, தொங்கு. பிரமாதமாக இருக்கிறது. போன வாரம் வரை பலகையில் நான்காவதாக இருந்தது அதுதான். தொங்கு. அழித்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது, அதன் மேல்தான் சாய் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் அந்த ஆளால் வந்தது. மெக்கானிக் அர்த்தநாரி. அறுபது வயது, கை முழுக்க கிரீஸ், வாயைத் திறந்தால் ஒரு நல்லது கெட்டது. செவ்வாய்க்கிழமை டயர் மாற்ற மாட்டார், வண்டி கிளம்பும்போது யாராவது தும்மினால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். போன வாரம் எல்லாரும் போன பிறகு வந்து நின்றார். "சார், அந்த நாலாவது எழுத்த மாத்திருங்." ஏன் என்றான் நம்பி. "வண்டில ஏறுற புள்ளயப் பாத்து தொங்கு தொங்குன்னு சொல்றது நல்லாவா இருக்குதுங்? நல்ல வார்த்தையா ஒண்ணு போடுங்." இவனுக்குச் சுர்ரென்று ஏறியது. இது அறிவியல் அண்ணா, இதில் என்ன நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை, ராகு காலம் பார்த்து பிரேக் பிடிப்பீர்களா என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. அந்த மனுசன் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, பலகையைப் பார்க்காமல், "எங்கூட்டுல அந்த வார்த்தையப் பதினோரு வருசமா யாரும் சொல்றதில்லீங். துணிய மாட்டுன்னுதான் சொல்லுவோம். சோமனூர்ல எந் தம்பி. ரங்காவோட அப்பன். அந்தப் புள்ளதான் மொதல்ல பாத்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்து" என்றார்.  அவர் ரங்காவின் பெரியப்பா என்பதே நம்பிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து வாரமாக, ஒரு நாளைக்கு நாற்பது தடவை, அந்தப் பெண்ணின் காதுக்குள்ளே, இவன் குரலில், அந்தச் சொல். கையாலேயே அழித்தான், டஸ்டர்கூடத் தேடவில்லை. அழித்த கையோடு சாய் என்று எழுதினான். எத்தனை நேரம் யோசித்தான்? ஒரு மூச்சு நேரம். ஒரு ஃபுட்ரெஸ்ட்டை இரண்டு அங்குலம் தூக்க ஐந்து வாரம் மல்லுக்கட்டுகிறவன், ஓட்டுகிறவளின் உயிரைப் பிடித்திருக்கிற ஒரு சொல்லை ஒரு மூச்சில் மாற்றினான். அப்புறம் நாலு நாள் மழை, பயிற்சி இல்லை. மாற்றிய சொல்லைச் சொல்லிப் பார்க்கவும் இல்லை. இன்று காலைதான் முதல் தடவை.

சாய். சுவரில் சாய், நாற்காலியில் சாய், பொழுது சாய்ந்தது, தென்னை சாய்ந்தது, ஓட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது, ஆள் சாய்ந்துவிட்டான். வண்டியைச் சாய்த்து நிறுத்து. தமிழில் மனுசனும் சாய்வான், மரமும் சாயும், வண்டியும் சாயும், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பல்கலைக்கழகத்தில் மூன்று பருவம் மனித உடல் அளவையியல் படித்தவனுக்கு இது ஏன் உறைக்கவில்லை? காலையில் அந்த ஐந்தாவது வளைவு, நீள வளைவு, வலப்பக்கம். வண்டி அதற்குள் எவ்வளவு படுக்க முடியுமோ அவ்வளவு படுத்துவிட்டது, தார் மேல் ஃபுட்ரெஸ்ட் லேசாகச் சீறுகிறது, இவனுக்குக் கேட்கிறது. அந்தச் சீறல் கேட்டால் செய்ய வேண்டியது என்னவென்று குழந்தைக்குத் தெரியும், உடம்பை இன்னும் உள்ளே இறக்கினால் வண்டி தானாகக் கொஞ்சம் நிமிரும். டீட்மார் தடத்தோரச் சுவரில் கையால் அடிக்கிறார், அவர் மொழியில் தொங்கு தொங்கு என்று கத்துகிறார். இவன் விரல் பொத்தானை அழுத்துகிறது. நாக்கின் நுனியில் தொங்கு வந்து நிற்கிறது, வந்ததே, பழக்கத்தில் அதுதான் வந்தது, அதைப் பல்லால் கடித்து நிறுத்தி, "சாய்! இன்னும் சாய்!" அவள் சாய்த்தாள். நேரே தசைக்குப் போனது, பிரசங்கத்தில் சொன்ன மாதிரியே. மூளைக்குப் போகவே இல்லை. உடம்பு இருந்த இடத்திலேயே இருக்க வண்டி இன்னும் ஒரு விரற்கடை படுத்தது, ஃபுட்ரெஸ்ட் தரையில் ஊன்றிப் பின்சக்கரத்தைத் தூக்கியது, அப்புறம் சத்தமே இல்லாத ஒரு நொடி, அப்புறம் தார், அப்புறம் இடப்பக்கமாகப் புரண்டு புல், அப்புறம் புல்லில் உட்கார்ந்து தன் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன உருவம். "இவ்வளவு சொல்லியும் வண்டியைத்தானே சாய்க்கிறாள்" என்றார் டீட்மார் ஜெர்மனில், சலிப்போடு, "இவளுக்குத் தலையில் ஏறாது." நம்பி ஓடினான், வேலியைத் தாண்டி ஓடினான், ஓடுவது நல்ல சாக்கு, ஓடுகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது கொட்டகை வாசலில் பழைய டயர்களின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது கை கழுத்தில் கட்டிய தூளியில். காறை எலும்பில் விரிசல், படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், ஐந்து வாரம் ஆகும், அடுத்த பந்தயத்துக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. எலும்பு கூடிவிடும். டிக்தான் போகாது. அர்த்தநாரி ஊருக்குக் கூட்டிப்போக கார் எடுத்துவரப் போயிருந்தார். லெதர் சூட்டின் மேல்பாதியை இடுப்பில் சுருட்டிவிட்டு, வலது கையால் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், வண்டி மேல் இருந்த இவனைப் பார்த்துச் சிரித்தாள். "என்னங் சார், நானு உழுந்தது பத்தாதுன்னு நீங்க வேற பழகறீங்களா? ஸ்டாண்ட எடுத்து உட்டுருவனுங்." நம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்டான். "அதுக்கென்னுங், வலிக்கத்தான் செய்யும். தொட்டுக்க ஊறுகா வெக்காம உட்டுட்டாங்க, அதுதான் வலி." கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். இவன் இறங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, ஒரு தொடை வெளியே நீட்டினபடியே இருந்தது. "ரங்கா, அந்த வளைவுல என் குரல் என்னன்னு கேட்டுச்சு?" அவள் யோசிக்கவே இல்லை. "சாயுன்னீங்க. சாஞ்சேனுங்." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங், வேற சொன்னீங்களா? என்ர தப்புத்தானுங், காதுல ஒழுங்கா வாங்கியிருக்க மாட்டேன். போச்சாது உடுங்க" என்றாள். என்ர தப்பு. எவ்வளவு சுலபமாக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள், பேருந்தில் இடம் விடுகிற மாதிரி. "நான் சொன்னது உடம்ப. நீ கேட்டது வண்டிய." "அப்பத் தொங்குன்னே சொல்லியிருக்கலாமுங்ளே? அதுதான எப்பவும் சொல்லுவீங்க. அது வருமேன்னு நானும் பாத்துட்டே இருந்தேன்." பெரியப்பா வந்து சொன்னதை இவன் சொன்னான், சுற்றி வளைத்து, பாதியை விழுங்கி. அவள் விரலில் ஒட்டிய சோற்றைப் பார்த்தாள். "பெரியப்பாவுக்குத்தானுங் அந்த வார்த்த ஆகாது. எனக்கு அதொண்ணும் இல்லீங். அந்த வார்த்த நான் இத்தன வருசமாக் கேக்காத வார்த்தைங்களா? பஸ்ஸுல தொங்கறாங்க, சந்தையில தேங்கா தொங்குது. ஆறு எழுத்துல எனக்கு நல்லாப் புரிஞ்சதே அது ஒண்ணுதானுங். மாத்தறதுக்கு மின்னால என்ர கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்?" கோபமாகச் சொல்லவில்லை. ஊறுகாய்க்குச் சொன்ன அதே குரல்தான்.

கேட்டிருக்கலாம். ஐந்து வாரம் அவள் தொடை நீளத்தை அளந்தான், முழங்கால் மடங்கும் கோணத்தை அளந்தான், மணிக்கட்டு அளந்தான், இடுப்பெலும்பு சீட்டில் அழுந்துகிற இடத்தைச் சுண்ணாம்புப் பொடி தூவி அளந்தான். அவள் காதை அளக்கவில்லை. ஓட்டுகிறவனைக் கேட்காமல் வண்டி செய்கிறவன் முட்டாள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவன். பெரியப்பனும் இவனும், இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு பெண்ணின் துக்கத்தை அவளுக்குத் தெரியாமல் பேசி முடித்து, அவளுக்கு நல்லது செய்தார்கள். என்ன அக்கறை. அர்த்தநாரி மேல் கோபப்படப் பார்த்தான், அது நிற்கவில்லை, அந்த ஆள் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டது வந்து குறுக்கே நின்றது. டீட்மார் மேல் திருப்பினான். தலையில் ஏறாதாம். அவள் தலையில் ஏறியது ஒழுங்காக ஏறியது, சொன்னதைச் சொன்னபடி செய்தாள், சொன்னபடி செய்ததற்கு உலகத்தில் எங்காவது டிக் உண்டா? மணி ஒன்று நாற்பது. வெளியே கார் வந்து நின்றது. அர்த்தநாரி இறங்கி, அவள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, கொட்டகைக்குள் ஒரு பார்வை பார்த்தார். பார்வை பலகைக்குப் போய், படிவத்துக்கு வந்து, நம்பியிடம் வராமல் திரும்பிவிட்டது. அவருக்குத் தெரியும். அவர் கேட்க மாட்டார். "வரனுங் சார்" என்றாள் ரங்கா, "அந்த ரப்பர்த் திண்ட மட்டும் ஒட்டி வெய்யுங், திரும்பி வந்தா வேணும்." திரும்பி வந்தால். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

நம்பி வண்டியிலிருந்து இறங்கினான். முழங்கால் விறைத்துப்போயிருந்தது. மேசையில் படிவத்தை வைத்து, குறிப்பு என்ற இடத்தில் சாயை ஆங்கிலமாக்கி எழுதினான், ஓட்டுநரிடம் ரேடியோவில் லீன் என்று சொன்னேன். எழுதினதைப் படித்தான். உண்மைதான். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. படிக்கிற கமிட்டிக்காரன் என்ன நினைப்பான்? லீன் என்பது வளைவில் எந்தப் பயிற்சியாளனும் சொல்கிற சொல், சரியாகத்தானே சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்தான் சரியாகச் செய்யவில்லை. அந்த மொழியில் உண்மையைச் சொன்னாலும் அது இவனைக் காப்பாற்றுகிறது. பளபளவென்று தேய்த்து வைத்த மொழி, யாருடைய கறையும் ஒட்டாது. ஒரு கணம், வெட்கத்தோடு, அந்த நிழல் சுகமாக இருந்தது. இப்படியே விட்டால் பொய் இல்லை. இப்படியே விட்டால் பலகை இருக்கும், ரேடியோ இவன் கையில் இருக்கும், தாய்மொழித் தத்துவம் இருக்கும், டிக்கும் இருக்கும். மாற்றினால் மேலாளர் என்ன சொல்வார் என்று தெரியும், "அப்ப ரேடியோவ வேற ஆளுட்டக் கொடுத்துருவோம் சார், நீங்க ஆபீஸ்ல இருந்து டிசைன் பாருங்க." ஆபீஸில் இருந்து டிசைன் பார்க்கவா பத்தொன்பது வருடத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தான்? வளைவின் ஓரத்தில் நிற்கத்தானே வந்தான், உடம்பு வண்டியிலிருந்து இறங்குகிற அந்த அரை நொடியைக் கண்ணால் பார்க்கத்தானே. காற்றில் பலகை சுவரில் தட்டித் தட்டி ஆடியது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, யார் மேல் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. கேண்டீன் பக்கமிருந்து டீட்மார் பல் குத்திக்கொண்டே வருவது தெரிந்தது.

லீன் என்ற சொல்லை அடித்துவிட்டு அங்கே தமிழ் எழுத்தில் சாய் என்று எழுதி, வண்டிக்கும் உடம்புக்கும் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு சொல்லை ஓட்டுநரைக் கேட்காமல் நான் மாற்றிக் கொடுத்தேன், அவர் அதை அப்படியே செய்தார் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதினான். மூன்றாவது கட்டத்தின் டிக்கைக் குறுக்காக அடித்தான். சாட்சி என்ற கோட்டை விட்டுவிட்டு, பொறுப்பானவர் என்ற கோட்டில் அறிவுடைநம்பி என்று கையெழுத்துப் போட்டான்.